இரண்டாம் நாள் வலி

முதல் நாள் வலிக்காது.
எந்த லோடுமேனைக் கேட்டாலும் சொல்வான்.
முந்தாநாள் தூக்கிய மூட்டை
இன்றைக்குத்தான் தொடையில் வந்து இறங்கும்,
கக்கூஸில் குந்தும்போது,
பஸ் படியில் கால் வைக்கும்போது.

நீடாமங்கலத்துக்குத் தெற்கே
கொள்முதல் நிலையத்தில்
குறுவை குவிந்த நேரம் பார்த்துப்
புரட்டாசியும் வந்தது.
களத்தில் நெல், நெல்லின்மேல் தார்ப்பாய்,
தார்ப்பாயின்மேல் மழை.
ஈரப்பதம் பதினேழைத் தாண்டினால் எடுக்க மாட்டார்கள்.
என் ஈரப்பதத்தை யாரும் அளக்கவில்லை.

செண்பகவல்லி முட்டை அட்டையைத் தூக்கி
எதிர்வீட்டில் கொடுத்துவிட்டாள்.
ஐப்பசி பிறக்கும்வரை கவிச்சி கிடையாதாம்.
போன வருஷம் என் முதுகு பிடித்துக்கொண்டபோது
பெருமாளிடம் பேசிவைத்த பேச்சு.
என் முதுகுக்காக
என் முட்டையை எழுதிக்கொடுத்திருக்கிறாள்,
என்னைக் கேட்காமல்.

பகலில் நாற்பது கிலோ மூட்டைகள்.
சாயங்காலம் ஜெயசீலன் ஜிம்மில்
மாவட்டப் போட்டிக்கு டெட்லிஃப்ட்.
"சதைக்கு என்னடா போடப்போற?"
"சாம்பார்."
அவன் சிரித்த சிரிப்பில்
கையிலிருந்த தட்டு நழுவி வாசல்வரை உருண்டது.

முதல் வாரம் அவன் சிரித்தது சரிதான்.
சோறு, ரசம், அப்பளம்.
இலை நிறைந்தது, தொடை நிறையவில்லை.
இரண்டாம் நாள் வலி
மூன்றாம் நாளும் தங்கி
நான்காம் நாள்
காபி குடிக்காமல் கிளம்பாத சம்பந்தியைப் போல
கால் நீட்டி உட்கார்ந்திருந்தது.

ரவூப் என் ஜோடி. கூத்தாநல்லூர்க்காரன்.
லாரிப் பலகையில் நான் முன்னால், அவன் பின்னால்.
வெள்ளிக்கிழமை ஆட்டுக்கறி தின்றவன்
ஞாயிற்றுக்கிழமை
பலகையைப் பிடித்துப் பிடித்துத்தான் இறங்கினான்.
"உனக்குமா?"
"எனக்கும்தான். ஆனா நாளைக்குப் போயிடும்."
அந்த 'நாளைக்கு'
என்னைத் தூங்கவிடவில்லை.

எடைச்சீட்டின் பின்பக்கம் கணக்குப் போட்டேன்.
நான்கு முட்டைக்கு எத்தனை கை கொண்டைக்கடலை?
கிண்ணம் நிறைய, அதன்மேல் ஒரு குவியல்.
செண்பகவல்லி சீட்டைப் பார்த்தாள்,
ஒன்றும் சொல்லவில்லை.
மறுநாள் தூக்குவாளியில் அவித்த கடலை.
மத்தியானம் தட்டைப்பயறு.
ராத்திரி கருப்பு உளுந்தங்களி,
நடுவில் குழித்து நல்லெண்ணெய்.
தயிரைக் கேட்காமலே கட்டியாய் ஊற்றினாள்.
சனிக்கிழமை படையல் சுண்டலில்
பெருமாள் பார்த்தார், நான் தின்றேன்.

காற்றும் பிரிந்தது,
ஒவ்வொரு மூட்டைக்கும் ஒன்று.
ரவூப் முன்னால் போக ஆரம்பித்தான்.

எங்கள் பக்கம் சம்பாவை அறுக்கும் முன்பே
நிற்கிற நெல்லுக்குள் உளுந்தைத் தெளிப்போம்.
அரிவாள் வந்து போகும்;
தாளடியில் நசுங்கிய இலை
பனியைக் குடித்துக்கொண்டு எழும்.
நெல் கறந்த மண்
அந்த வேரில்தான் மூச்சு வாங்கும்.
இருபது வருஷமாய்த் தெளிக்கிறேன்.
என் தொடையும் ஒரு வயல்தான் என்று
தோன்றவேயில்லை.

மூன்றாம் வாரம், செவ்வாய்க்கிழமை.
குந்தினேன். எழுந்தேன்.
கை கழுவும்போதுதான் ஞாபகம் வந்தது
ஞாயிறன்று நூற்றைம்பது கிலோ தூக்கியது.

ஜெயசீலனிடம் சொன்னேன், சுண்டல் என்று.
ரவூப்தான் எடுத்துக்கொடுத்தான்:
அந்த வாரம் சாக்கு வரவில்லை,
நிலையம் இரண்டு நாள் பூட்டிக்கிடந்தது,
நான் பகலெல்லாம் தூங்கினேன்.
சுண்டலா, தூக்கமா?
பெருமாள் என்கிறாள் செண்பகவல்லி.
மூன்று பேரும் பங்கு கேட்கிறார்கள்.
போட்டியில் எனக்கு நான்காம் இடம்;
அதற்கு யாரும் பங்கு கேட்கவில்லை.

ஐப்பசி ஒன்று.
முட்டை அட்டை வீடு திரும்பியது.
நான்கு தின்றேன், மிளகு தூவி.
ருசியாகத்தான் இருந்தது.

இரண்டாம் நாள் குந்தும்போது வலித்தது.
வாளியில் கடலை ஊறிக்கொண்டிருந்தது,
யாரும் சொல்லாமலே.